மன அகழ்வாளர் கிரீந்திரசேகர் போஸ்

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் பல கோடி ஆண்டுகளுக்கு முன் வீழ்ந்த மரமொன்று கல்லாகிக் கிடக்கிறது. 18 மீட்டர் நீளமுள்ள அம்மரத்தை 1940-ஆம் ஆண்டில் நிலவியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் அறிவுலகின் பார்வைக்குக் கொணர்ந்தார். அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களைத் தோண்டுவோர் கடற்சிப்பிகளையும் சங்குகளையும் இன்றும் காண்கின்றனர். மேலே பருத்தியும் சோளமும் விளையும் மானாவாரி நிலம். கீழே, என்றோ அலையடித்த கடலின் எச்சம். மனித மனமும் இத்தகைய நிலமே என்று உரைத்த அறிவுத்துறை உளப்பகுப்பாய்வு. வியன்னா நகரில் சிக்மண்ட் பிராய்டு தோற்றுவித்த அத்துறையை இந்திய மண்ணில் வேரூன்றச் செய்தவர், வங்கத்து மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ்.

அவர் 1887-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30-ஆம் நாள் பிறந்தார். தந்தை சந்திரசேகர் போஸ் தர்பங்கா சமஸ்தானத்தில் திவானாகப் பணிபுரிந்தவர். ஒன்பது மக்களுள் கடைக்குட்டி கிரீந்திரசேகர். ‘பரசுராம்’ என்னும் புனைபெயரில் நகைச்சுவைக் கதைகள் படைத்து, ‘சலந்திகா’ என்னும் வங்க அகராதியையும் தொகுத்த ராஜசேகர் போஸ் அவருடைய தமையனார். அறிவியலும் இலக்கியமும் ஒருங்கே உலவிய குடும்பம் அது. கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பயின்று, 1910-இல் மருத்துவப் பட்டம் பெற்ற இளையவருக்கு மனவசியக் கலையில் பெருநாட்டம் இருந்தது. உடலில் நோய்க்கூறு ஏதுமின்றி உழல்வோர் பலரை அவர் தம் மருத்துவப் பணியில் கண்டார். மருந்துக்கு அடங்காத அத்துன்பத்தின் வேர் எங்கே உள்ளது என்ற வினாவே அவருடைய வாழ்வின் திசையைத் தீர்மானித்தது.

கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை புதிதாகத் தொடங்கப்பட்டபோது, மருத்துவராக இருந்துகொண்டே மீண்டும் மாணவரானார். 1917-இல் உளவியலில் முதுகலைப் பட்டமும், 1921-இல் ஒடுக்கம் என்னும் கருத்தை ஆராய்ந்து முனைவர் பட்டமும் பெற்றார். மனம் ஏற்க மறுக்கும் ஆசைகள் அழிவதில்லை. நனவிலியில் புதைந்து நின்று கனவாகவும் நோயாகவும் தலைகாட்டுகின்றன என்பது அவ்வாய்வின் அடிப்படை. நூலைப் பிராய்டுக்கு அனுப்பினார். தொலைதூர நாடொன்றில் தம் கருத்துகள் இத்துணை ஆழமாகப் பயிலப்படுவது கண்டு பிராய்டு வியந்து விடையிறுத்தார். அன்று தொடங்கிய மடல் உறவு 1937 வரை நீடித்தது. இருவரும் ஒருமுறைகூட நேரில் சந்தித்ததில்லை.

1922-இல் கல்கத்தா, பார்சிபாகன் சந்து, 14-ஆம் எண் இல்லத்தில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகம் பிறந்தது. அது போஸின் சொந்த வீடு. பாரீசு நகரில் இத்தகைய கழகம் தோன்றியது 1926-இல்தான் என்பதை எண்ணினால் அம்முயற்சியின் பெருமை விளங்கும். வேட்டி அணிந்த மருத்துவர் ஒருவர், சாய்வு நாற்காலியில் நோயாளியை அமர்த்தி, அவர் மனம்போன போக்கில் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வாறு கேட்டுக் கேட்டுத்தான் ஆசானிடமிருந்து அவர் வேறுபட்டார்.

பிராய்டு 1923-இல் மனத்தை மூன்று கூறுகளாக வகுத்தார். அதற்கு அவர் தேர்ந்தவை செருமானிய மொழியின் அன்றாடச் சொற்கள்: அது, நான், மேல்நான். கட்டற்ற ஆசைகளின் இருப்பிடம் ‘அது’. தந்தையும் சமூகமும் விதித்த தடைகள் உள்ளே குடியேறி மனச்சான்றாய் நிற்பது ‘மேல்நான்’. இவ்விரண்டுக்கும் புறவுலகுக்கும் இடையே அல்லற்படுவது ‘நான்’; ஈகோ என்று இன்று பலரும் செருக்கின் பெயராக வழங்கும் சொல் உண்மையில் இதனையே குறிக்கும்.

போஸ் அந்த ‘நான்’ உருவாகும் முறையை வேறுவிதமாகக் கண்டார். ஒவ்வோர் ஆசையும் தன் எதிர் ஆசையோடு இரட்டையாகவே பிறக்கிறது என்பது அவர் கோட்பாடு. அடிக்க விரும்பும் மனத்தின் அடியில் அடிபடும் விருப்பமும், காதலிக்கும் மனத்தின் அடியில் காதலிக்கப்படும் விருப்பமும் உறைகின்றன. இரண்டில் ஒன்று வெளிப்படும்போது மற்றது மறைந்து நிற்கிறது. மறைந்துநிற்கும் அவ்வெதிர் ஆசையின் வழியாகவே ஒருவர் பிறருடைய நிலையைத் தம் நிலையாக உணர முடிகிறது. அவ்வழி அடைபடும்போது நோய் பிறக்கிறது. ஏற்றப்பலகையின் இரு முனைகளும் மாறிமாறி உயர்வதுபோல் இரு ஆசைகளையும் மாறிமாறி வெளிக்கொணர்வதே அவர் கண்ட மருத்துவம்.

தந்தையின் தண்டனைக்கு அஞ்சி மகன் பணிவதிலேயே ஆளுமை முதிர்கிறது என்பதையும் அவர் ஏற்கவில்லை. தந்தையை எதிர்த்து வெல்லும் ஆசையை மகன் தன்னுள் கண்டுணர்ந்தாலே சிக்கல் அவிழும் என்றார். அயலாட்சியில் வாழ்ந்த ஓர் அறிஞரின் வாயிலிருந்து இக்கருத்து வந்தது எண்ணத்தக்கது. பெண்ணாக வேண்டும் என்னும் விருப்பம் ஐரோப்பிய ஆடவரைவிட இந்திய ஆடவரிடம் எளிதில் மேற்பரப்புக்கு வருவதாகவும் அவர் கருதினார். தமிழ்க் கவிஞர்க்கு இது புதுமையன்று. தலைவியாகவும் தோழியாகவும் நின்று பாடிய ஆண்பாற் புலவர்கள் அகமரபில் பலர். நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும் திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் உருகினர். அவர்கள் பாட்டில் நிகழ்த்தியதைப் போஸ் மருத்துவ அறையில் கண்டார்.

எதிர் ஆசைக் கோட்பாடு கவனத்துக்குரியது என்று பிராய்டு ஒப்பினார். ஆனால் முழுமையாக ஏற்கவில்லை. அதற்காகப் போஸ் தம் கொள்கையைக் கைவிடவுமில்லை, உறவை முறிக்கவுமில்லை. 1931-இல் பிராய்டின் 75-ஆம் பிறந்தநாளுக்கு, அனந்தன்மேல் அமர்ந்த திருமாலின் தந்தச் சிலை கல்கத்தாவிலிருந்து வியன்னா சென்றது. பிராய்டு அதனைத் தம் எழுதுமேசைமேல் வைத்துக்கொண்டார். இலண்டனில் அவர் இறுதியாக வாழ்ந்த இல்லம் இன்று அருங்காட்சியகமாக விளங்க, சிலை அங்கே பாதுகாக்கப்படுகிறது.

மன ஆய்வைத் தாய்மொழியில் கூறவும் போஸ் அயராது உழைத்தார். கனவைப் பற்றி வங்கத்தில் நூல் எழுதினார், புராணங்களை ஆராய்ந்தார், பகவத்கீதைக்கு விளக்கம் வரைந்தார், சிறுவர்க்காக எறும்புகளின் போரைக் கதையாக்கினார்.

சாத்தனூர்க் கல்மரம் அறியப்பட்ட அதே 1940-இல், ராஜசேகர் போஸ் வழங்கிய இடத்தில் லும்பினி பார்க் மனநல மருத்துவமனை எழுந்தது. மூன்று படுக்கைகளோடு தொடங்கிய அந்நிலையத்துக்கு 1942-இல் வந்து சேர்ந்தவர் வங்கத்தின் புரட்சிக் கவிஞர் காசி நஸ்ருல் இஸ்லாம். ஆயிரக்கணக்கில் பாடல் புனைந்த அக்கவிஞரின் நாவு அவ்வாண்டில் திடீரெனத் தளர்ந்தது, நினைவும் குலைந்தது. சில மாதங்கள் அங்கே தங்கியும் பேச்சு மீளவில்லை. சொல்லைக் கேட்டே நோயறியும் மருத்துவத்தின் முன், சொல்லையே இழந்த கவிஞர் அமர்ந்திருந்தார்.

1947-இல் கழகத்தின் இதழான ‘சமீக்ஷா’வைத் தொடங்கிய போஸ், 1953 சூன் 3-ஆம் நாள் மறைந்தார். அவ்வாண்டின் இறுதியில் நஸ்ருலை வியன்னாவில் ஆராய்ந்த மருத்துவர்கள், அது மூளைத் திசு சிதையும் பிக் நோய் என்றனர். அது ஒடுக்கப்பட்ட ஆசையின் விளைவன்று. எந்த உரையாடலாலும் மீட்க இயலாத இழப்பு. கவிஞர் 1976 வரை மௌனமாகவே வாழ்ந்து டாக்காவில் மறைந்தார்.

மனத்தின் எல்லாப் பூட்டுகளுக்கும் போஸிடம் சாவி இல்லை. ஆயினும், மனநோயாளிகளைப் பேய் பிடித்தவர் என்றும் பித்தர் என்றும் ஒதுக்கிய காலத்தில், அவர்கள் பேச்சுக்கும் பொருளுண்டு என நம்பி, நாற்காலி இட்டு அமர்த்திச் செவிகொடுத்தார். ‘நான்’ என்னும் சொல்லுக்குள் எதிரில் அமர்ந்திருப்பவனும் இருக்கிறான் என்று அவர் கண்டது, கவிதை எழுதுவோர் ஒவ்வொருவருக்கும் உரிய செய்தி.