பூமியை அளந்த அறிஞர் அல்பிரூனீ (ரஹ்)

எந்த நாட்டில் இருந்தாலும் தொழுகைக்கு நிற்பவர் கஃபாவை முன்னோக்க வேண்டும். பூச்சோங்கில் நாம் நிற்கும் திசை வடக்கிலிருந்து வலப்பக்கமாகச் சுற்றி ஏறத்தாழ 292 பாகை. அதாவது நேர் மேற்கிலிருந்து சற்று வடக்கே. கண்ணுக்கெட்டாத ஓர் ஊரின் திசையை இவ்வளவு சரியாகச் சொல்ல முக்கோணக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கை வளர்த்த முஸ்லிம் அறிஞர்களில் தலைசிறந்த ஒருவர் அபூ ரைஹான் அல்பிரூனீ.

ஹிஜ்ரி 362இல் (கி.பி. 973), இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள காத் நகரில் பிறந்தார். கணித மேதை அபூ நஸ்ர் மன்சூர் இவருடைய ஆசிரியர். பதினேழு வயதளவிலேயே நண்பகல் சூரியனின் உயரத்தை அளந்து தம் ஊரின் அட்சரேகையைக் கண்டறிந்தார். ஆனால் நிம்மதியாக ஓரிடத்தில் இருந்து படிக்கும் வாய்ப்பு அவருக்கு வாய்க்கவில்லை. 995இல் உள்நாட்டுப் போரினால் ஊரைவிட்டு வெளியேறினார். 1017இல் கஜினி மஹ்மூது அந்நாட்டைக் கைப்பற்றி, இவரையும் கஜினிக்குக் கொண்டு சென்றார்.

மறு ஆண்டு காபூல் அருகே ஒரு சிற்றூரில் இருந்தபோது அவர் கையில் கருவி எதுவும் இல்லை. கணக்குப் போடும் பலகையின் பின்புறத்தில் பாகைக் கோடுகள் வரைந்தார். தூக்குநூல் கட்டி, அதைக் கொண்டே சூரியனின் உயரத்தை அளந்தார்.

பூமியின் அளவை அறிய, கலீஃபா மஃமூன் காலத்தில் ஆட்கள் பாலைவனத்தில் வடக்கும் தெற்குமாக நெடுந்தூரம் நடந்தார்கள். அவ்வளவு நடக்காமலே அளக்க அல்பிரூனீ வழி கண்டார். இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபில், நந்தனா கோட்டை அருகே, சமவெளியை ஒட்டி ஒரு மலை இருந்தது. கீழே இரண்டு இடங்களில் நின்று மலை உச்சியின் கோணத்தை அளந்தார். அந்த இடைத்தூரத்தை வைத்து மலையின் உயரம் சுமார் 652 முழம் என்று கணக்கிட்டார். பிறகு உச்சியில் ஏறி, தொடுவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று பார்த்தார். அது அரைப் பாகைக்குச் சற்றே கூடுதல்.

அந்தப் பார்வைக்கோடு பூமியைத் தொடும் இடத்தில், பூமியின் மையத்திலிருந்து வரும் ஆரத்தோடு செங்கோணம் அமைகிறது. மையம், தொடுவானம், மலையுச்சி மூன்றும் சேர்ந்தால் ஒரு செங்கோண முக்கோணம். உயரமும் ஒரு கோணமும் தெரிந்ததால் பூமியின் ஆரம் கிடைத்தது. அவருடைய முழம் எவ்வளவு நீளம் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் அவர் கண்ட அளவு இன்றைய 6,371 கிலோமீட்டருக்கு நெருங்கியது என்பதே பலரின் முடிவு.

இந்த அளவையை விவரிக்கும் நூலை 1025இல் முடித்தார். ஊர்களின் இருப்பிடங்களைக் கணித்து, கஜினியிலிருந்து கிப்லாவின் திசையை வகுப்பதே அந்நூலின் முக்கிய நோக்கம். வணக்கத்தின் தேவையும் விஞ்ஞானமும் அவரிடம் ஒன்றாகவே இருந்தன.

1048 வாக்கில் கஜினியில் மறைந்தார். மரணப் படுக்கையில், பார்க்க வந்த ஆலிமிடம் பாகப்பிரிவினைச் சட்டத்தில் ஒரு சந்தேகத்தைக் கேட்டுத் தெளிந்தார் என்று வரலாற்றாசிரியர் யாகூத் எழுதியுள்ளார். இந்த நேரத்திலா என்று ஆலிம் தயங்க, அறியாமல் போவதைவிட அறிந்துபோவது மேல் என்று பதிலளித்தாராம். அவர் விடைபெற்றுத் தெருவுக்கு வருவதற்குள் வீட்டில் அழுகுரல் கேட்டது.

மூன்றாம் படிவத்தில் சைன், கொசைன் படிக்கும் நம் பிள்ளைகள் இது எதற்கு என்று கேட்டால், நந்தனா மலையின் கதையைச் சொல்லுங்கள். பயன் தரும் கல்வியை அவர்களுக்கு அல்லாஹ் அருள்வானாக, ஆமீன்.