பாய்மரத்தைக் காத்த கடற்றலைவர்: எட்மோன் பாரிஸ்

மரக்கலம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன மரத்தாலாய உடலும் காற்றுண்டு பருத்த பாயுமே. அவ்விரண்டையும் பிணைத்து நிற்கும் கயிற்றை நாம் பெரும்பாலும் எண்ணுவதில்லை. ஆயினும், கயிறு இல்லையேல் பாய்மரம் நிமிர்ந்து நில்லாது, பாய் விரியாது, நங்கூரமும் கலத்தைப் பற்றாது. 1765 ஆம் ஆண்டில் நீரில் இறக்கப்பட்ட விக்டரி என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலுக்கு வேண்டியிருந்த கயிற்றின் நீளம் ஏறத்தாழ 26 மைல் என்பர். ஒரு கப்பலுக்கே இத்துணைக் கயிறெனின், பாய்க்கப்பல்களின் காலம் முழுவதையும் கயிற்றின் காலம் எனக் கூறினும் மிகையாகாது.

கலம் அழியுங்கால் முதலில் மக்குவதும் கயிறே. உடல்மரம் கரையில் பல்லாண்டு கிடக்கும். உளுத்த பின்னும் அதன் வடிவை அளந்தறியலாம். கயிறோ சில பருவ மழைக்குள் மண்ணாகிவிடும். எந்தக் கயிறு எந்தக் கப்பியின் வழியே ஓடி எங்கே முடிச்சிடப்பட்டது என்ற அறிவும், அதனைக் கட்டிய கைகள் ஓய்ந்ததும் உடன் மறையும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவி கடலை வென்றபோது இவ்வறிவு உலகெங்கும் மறையத் தலைப்பட்டது. அதனைத் தேடித் தொகுத்துக் காத்தவர்களுள் முதல்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் பிரான்சுவா எட்மோன் பாரிஸ். நீராவிக் கப்பலைத் தம் நாட்டுக் கடற்படையில் வேரூன்றச் செய்தவர்களுள்ளும் அவர் ஒருவர் என்பதே அவர் வரலாற்றின் வியத்தகு செய்தியாகும்.

இளமையும் முதற் பயணங்களும்

பிரெஞ்சு நாட்டின் தலைநகரின் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்ட எட்மோன், அத்தலைநகரிலேயே 1806 ஆம் ஆண்டு பிறந்தார். 1820 இல் அங்கூலேம் நகரிலிருந்த கடற்படைக் கல்லூரியிற் சேர்ந்தார். கடலிலிருந்து வெகுதூரத்தில், உள்நாட்டில் அமைந்த கல்லூரி அது. கடலைக் காணாமலே கடற்கலை பயின்ற அம்மாணவருக்கு, பின்னர் உலகக் கடல்கள் யாவும் பள்ளிக்கூடமாயின.

மூன்று முறை அவர் உலகைச் சுற்றி வந்தார். 1826 முதல் 1829 வரை டுமோன் டேர்வில் தலைமையில் அஸ்ட்ரொலாப் என்னும் கலத்திற் சென்றது முதற் பயணம். நாற்பது ஆண்டுகளுக்குமுன் காணாமற்போன லாபெரூஸ் என்னும் மாலுமியைத் தேடுவதும் அப்பயணத்தின் நோக்கங்களுள் ஒன்று. 1828 இல் பசிபிக் பெருங்கடலின் வனிக்கோரோத் தீவிலே லாபெரூசின் கப்பல் உடைந்த இடத்தைக் கண்டு, கடலடியிற் கிடந்த நங்கூரம் முதலிய எச்சங்களை அவர்கள் மீட்டு வந்தனர். பெருமிதத்தோடு புறப்பட்ட கப்பலில் எஞ்சியது இரும்பும் வெண்கலமுமே. பாயும் கயிறும் சுவடின்றிப் போயிருந்தன. இருபத்திரண்டு வயது இளைஞருக்கு இக்காட்சி ஒரு பாடமாக அமைந்திருத்தல் கூடும்.

இரண்டாவது பயணம், லாப்பிளாஸ் என்னும் தளபதியின்கீழ் பவோரித் என்னும் கலத்தில் 1832 வரை நிகழ்ந்தது. மூன்றாவது, அதே தளபதியின்கீழ் ஆர்ட்டெமீஸ் என்னும் போர்க்கலத்தில் 1837 முதல் 1840 வரை நிகழ்ந்தது. இப்பயணங்களிலே எட்மோன் கைக்கொண்ட வழக்கம் ஒன்று அவரைப் பிறரினின்றும் வேறுபடுத்தியது. துறைமுகம் ஒன்றை அடைந்ததும் ஏனையோர் ஊர் காணச் செல்ல, அவர் கரையிற் கிடக்கும் தோணிகளைத் தேடிச் செல்வார். நீளம், அகலம், ஆழம் ஆகியவற்றை அளப்பார். பலகை பொருந்திய முறையையும், பாயை ஏற்றும் கயிறு செல்லும் வழியையும் தாளிற் பதிப்பார். அழகுக்காக வரைந்த ஓவியங்களல்ல அவை. ஒரு தச்சன் கையிற் கொடுத்தால் அக்கலத்தை மீண்டும் கட்டத்தக்க வரைபடங்கள். ஐரோப்பியர் தம் கலங்களே சிறந்தவை எனச் செருக்கியிருந்த காலத்தில், மீனவர் தோணிக்கும் கலைக்குரிய மதிப்பளித்தமை அவருடைய பெருந்தன்மைக்குச் சான்று.

சோழமண்டலக் கரையும் இலங்கையும்

அவர் அளந்த கலங்களிற் பல நமக்கு உறவுடையவை. சோழமண்டலக் கரையின் கட்டுமரம், சலங்கு, தோணி ஆகியவற்றையும், இலங்கையின் புறக்கட்டையுள்ள மீன்பிடி வள்ளங்களையும் அவர் நுணுகி ஆராய்ந்தார். இவற்றிலே கயிற்றின் பங்கு ஐரோப்பியக் கப்பலிற் காணப்படுவதினும் பெரிது என்பதை அவருடைய வரைபடங்கள் தெளிவாகக் காட்டுகின்றன. ஐரோப்பியக் கப்பலில் உடலை ஆக்குவது ஆணி. பாயை ஆள்வது கயிறு. கட்டுமரத்திலோ கயிறே உடலை ஆக்குகிறது. கட்டு என்னும் சொல்லே பெயரின் முற்பாதியாக நிற்பதை நாம் அறிவோம். கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து மரங்களை உலர வைத்து, மறுநாள் மீண்டும் பிணைத்துக் கடலேறுவது மீனவர் வழக்கம். சலங்கும் அவ்வாறே. அதன் பலகைகள் தென்னந்தும்புக் கயிற்றால் தைக்கப்பட்டவை. இரும்பாணி ஒன்றும் இல்லை. சென்னைக் கரையின் பேரலை மோதும்போது ஆணியடித்த படகு பிளந்து போம். தைத்த சலங்கு வளைந்து கொடுத்துத் தப்பும். இத்தகைய நுட்பங்கள் அடங்கிய பெருநூலை, ஐரோப்பியரல்லாத மக்களின் கப்பற்கலை பற்றிய ஆய்வாக, 1841 ஆம் ஆண்டு தொடங்கி எட்மோன் வெளியிட்டார். அரபு நாடுகள், மலையாளக் கரை, இலங்கை, சோழமண்டலம், வங்கம், மலாயா, சீனம், பசிபிக் தீவுகள் என விரியும் அந்நூல், நூற்றுக்கு மேற்பட்ட படத்தகடுகள் கொண்டது.

அந்நூலுக்கு அவர் கொடுத்த விலையும் சிறிதன்று. ஆர்ட்டெமீசிற் சென்றபோது, புதுச்சேரியை அடுத்த இடமொன்றில் இயங்கிவந்த ஆலையைப் பார்வையிடப் போனார். நீராவிப் பொறிகளில் அவருக்கிருந்த ஆர்வம் அத்தகையது. அங்கே சுழன்ற பற்சக்கரத்தில் இடது கை அகப்பட்டுச் சிதைந்தது. கையை இழக்க நேர்ந்தது. முப்பது வயதைச் சற்றே கடந்திருந்த கடலோடி ஒருவருக்கு இதனினும் பெரிய இடர் வேறு யாது? பாய்க்கப்பலில் ஒரு கை கலத்துக்கு, ஒரு கை தனக்கு என வாழ்பவன் மாலுமி. ஆயினும் எட்மோன் கடலை விட்டாரல்லர்; வலது கையால் வரைவதையும் நிறுத்தினாரல்லர். தம் கையைப் பறித்த பொறியின்மேற் பகைமையும் கொண்டாரல்லர்.

நீராவியின் தொண்டர்

அதன்பின் முப்பது ஆண்டுகள் அவர் நீராவிக்கே பெரிதும் உழைத்தார். 1840களில் ஆர்க்கிமேட் என்னும் நீராவிக் கப்பலைச் சீனக் கடலுக்குச் செலுத்தினார். நீராவிப் பொறியாளருக்கான கையேடும், கப்பலை உந்தும் திருகுவிசிறி பற்றிய நூலும் இயற்றினார். அவருடைய மாமனார் பொன்னபூ என்பவரும் கடற்படை அதிகாரியே. இருவரும் சேர்ந்து ஆக்கிய கடற்கலை அகராதியிற் பாய்க்கப்பற் பகுதி பெரும்பாலும் மாமனாருடையது. நீராவிப் பகுதி மருமகனுடையது. ஒரே குடும்பத்தில், ஒரே நூலில், இரண்டு காலங்கள் அருகருகே அமர்ந்திருந்தன. 1863 இல் பிரெஞ்சு அறிவியற் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. மறு ஆண்டு துணை அட்மிரல் என்னும் உயர்பதவி கிட்டியது.

இவ்வளவு புகழும் புதுமையால் வந்தவை. ஆயினும், தாம் வளர்த்த புதுமை எதனை அழிக்கின்றது என்பதை அவர் நன்கறிந்திருந்தார். பாய்க்கப்பலை இயக்கத் தெரிந்த கடைசித் தலைமுறை தம்முடையதே என்பதும், உலகின் பல கரைகளில் தாம் அளந்த கலங்கள் இனி நீடியா என்பதும் அவருக்குத் தெரியும். 1871 இல் லூவர் மாளிகையிலிருந்த கடற்கலைக் காட்சிச்சாலையின் காப்பாளர் பொறுப்பை ஏற்றபோது, அவருக்கு வயது அறுபத்தைந்து. பிறர் ஓய்வை நாடும் பருவத்தில் அவர் வாழ்வின் மிகச்சிறந்த பணி தொடங்கியது.

லூவர் மாளிகையின் சிறு கடற்படை

அக்காட்சிச்சாலைக்கு வித்திட்டவர் டுஹாமெல் டு மொன்சோ என்னும் அறிஞர். மாதிரிக் கப்பல்கள் கொண்ட தம் தொகுப்பினை அவர் 1748 இல் பதினைந்தாம் லூயி மன்னருக்கு அளித்தார். அதற்கு முந்திய ஆண்டிலேதான் கயிறு திரிக்கும் கலைபற்றி அவரது பெருநூல் வெளிவந்தது. முறுக்கு மிகுந்தால் வலிமையும் மிகும் என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. இழையின் நீளம் மூன்றில் இரண்டாகக் குறுகுமாறு முறுக்கிய கயிற்றைவிட, நான்கில் மூன்றாகக் குறுகியது வலியது. ஐந்தில் நான்காகக் குறுகியது அதனினும் வலியது எனச் சோதனையால் அவர் நிறுவினார். இங்ஙனம் கயிற்றை ஆராய்ந்தவர் தொடக்கிவைத்த களஞ்சியம், கயிற்றின் வழியை வரைந்தவர் கைக்கு வந்து சேர்ந்தது. இளமையில் அவர் கலந்துகொண்ட பயணம் வனிக்கோரோவிலிருந்து கொணர்ந்த எச்சங்களும் அங்கே அவருக்காகக் காத்திருந்தன.

தம் பழைய வரைபடங்களை எட்மோன் காட்சிச்சாலையின் பட்டறைக்குக் கொடுத்தார். உலகக் கலங்களின் மாதிரிகள் ஒன்றன்பின் ஒன்றாக உருவாகத் தொடங்கின. மாதிரிக் கப்பலென்றால் பொம்மை என நினைப்போர் உளர். உண்மையில், மரத்தைச் சிறிதாக்குவது எளிது. கயிற்றைச் சிறிதாக்குவதே அரிது. நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவிற் கப்பல் ஒன்றைச் செய்வதாகக் கொள்வோம். முதன்மைப் பாய்மரத்தை முன்னிருந்து இழுத்து நிறுத்தும் 15 சென்ரிமீற்றர் தடிப்புள்ள வடம் 3 மில்லிமீற்றராகும். கையிற் பிடித்திழுக்கும் 2 சென்ரிமீற்றர்க் கயிறு அரை மில்லிமீற்றருக்கும் குறைவாகும். ஆகவே ஒரே நூலை எல்லா இடத்திலும் கட்டினால் கப்பலே பொய்யாகிவிடும்; பத்துக்கு மேற்பட்ட தடிப்புகள் வேண்டும்.

கடையில் வாங்கும் நூலும் உதவாது. அதன் முறுக்கு தையலுக்கு உரியது; கப்பற் கயிற்றின் புரி அதில் தோன்றாது. ஆதலின் சிறு பொறி ஒன்றை அமைத்து உண்மைக் கயிறு திரிப்பது போலவே திரித்தல் வேண்டும். மூன்று கொக்கிகளில் மூன்று புரிகளைப் பூட்டி, மறுமுனையைச் சுழலும் ஒற்றைக் கொக்கியில் மாட்டுவர். மூன்று பள்ளமுள்ள கூம்புக்கட்டை புரிகளைப் பிரித்து நிற்கும். புரிகள் ஒருபுறம் முறுக்கேற, அவை கூடும் இடத்திற் கயிறு எதிர்ப்புறமாகத் தானே சுற்றிக்கொள்ளும். புரியின் அவிழும் விருப்பமும் கயிற்றின் அவிழும் விருப்பமும் ஒன்றையொன்று தடுத்து நிற்பதாலேயே கயிறு கயிறாக நிலைக்கிறது. சாதாரணக் கயிறு வலஞ்சுழி. அத்தகைய மூன்றைச் சேர்த்து முறுக்கிய நங்கூர ஆலாத்து இடஞ்சுழி. இது மாறினால், பழைய மாலுமியின் கண்ணுக்கு அக்கணமே பிழை புலப்படும்.

திரித்த பின்னும் வேலை முடிவதில்லை. பாய்மரங்களைத் தாங்கி அசையாது நிற்கும் கயிறுகள் கீல் பூசிக் கறுத்தவை. பாயையும் பருமலையும் இயக்க ஓடும் கயிறுகள் வெளிறியவை. அந்நிற வேறுபாடு மாதிரியிலும் தோன்ற வேண்டும். நூலிற் சிலும்பும் பஞ்சு, அளவோடு நோக்கின் முட்புதர் போலத் தெரியும். தேன்மெழுகு தடவி அதனை அடக்குவர். மற்றோர் இடர் இயற்கையின் விதியால் வருவது. நீளம் நாற்பத்தெட்டில் ஒன்றானால் நிறை ஒரு இலட்சத்துப் பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறையும். ஆனால் விறைப்பு அதே விகிதத்திற் குறையாது. எனவே கப்பலிலே தன் நிறையால் அழகாக வளைந்து தொங்கும் கயிறு, மாதிரியிற் கம்பிபோல் விறைத்து நிற்கும். அதனை நனைத்து, எடை கட்டி, விரல் நுனியால் வளைத்து இயல்பாகத் தொங்கச் செய்தல் பொறுமையின் எல்லையைக் காண்பதாகும். சலங்கையும் கட்டுமரத்தையும் செய்யுங்கால் பொறுப்பு இன்னும் மிகுதி. அங்கே தையலும் கட்டும் பிழைத்தால் பிழைப்பது அணிகலன் அன்று, கலமே.

இவ்வாறு அவர் காலத்திற் சேர்ந்த மாதிரிகள் நூற்றுக்கு மேற்பட்டவை. மாதிரிகளோடு அவர் நிறைவடையவில்லை. மரமும் நூலும் தீக்கு இரையாகலாம் என எண்ணியோ, பழைய, புதிய கலங்களின் வரைபடங்களைத் தொகுத்து, கடல் நினைவுகள் என்னும் பொருள்பட 1882 முதல் பெருந்தொகுதிகளாக அச்சிடத் தொடங்கினார். 1893 இல், எண்பத்தேழாம் வயதில், காப்பாளர் பணியில் இருந்தபடியே அவர் காலமானார். ஆறாவது தொகுதி அவர் மறைந்து பதினைந்து ஆண்டுகளின்பின், 1908 இல் வெளிவந்தது.

காட்சிச்சாலை பின்னர் லூவரிலிருந்து ஷையோ மாளிகைக்கு மாறியது. 2010 இல் எட்மோனின் உலகக் கலங்களுக்கெனத் தனிக் கண்காட்சி ஒன்றும் அங்கே நடைபெற்றது. இன்று கடலில் காண்டற்கரிய பல கலங்களின் கட்டமைப்பை அறிய விழையும் ஆராய்ச்சியாளர் அவர் வரைபடங்களையே நாடுகின்றனர்.

இவ்வரலாறு நமக்கும் ஒரு கடமையை உணர்த்துகிறது. வல்வெட்டித்துறையிற் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர்த் துறையை அடைந்தது என்பதை நாம் பெருமையோடு பேசுகிறோம். பேசுவதோடு அமைதல் போதுமா? அத்தகைய கலங்களின் உடலளவும், பாயளவும், தாமானும் ஆலாத்தும் சென்ற வழியும் அறிந்த முதியோர் ஓரிருவரேனும் எஞ்சியிருப்பின், ஆசிரியரும் மாணவரும் அவர்களை அணுகிக் கேட்டு வரைந்து வைத்தல் வேண்டும். அதற்கு அளவுகோலும், தாளும், பொறுமையும் போதும். இரு கையும் உடைய நாம், ஒரு கையால் எட்மோன் பாரிஸ் செய்ததில் ஒரு சிறு பங்கினையேனும் செய்யலாகாதா?