ஊர் கூடி வளர்த்த நூலகம்: சீர்காழி அரங்கநாதனார் வாழ்வு

இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்பெறும் சீர்காழி இராமாமிருதம் அரங்கநாதனாரின் பெயரைக் கேட்டவுடன், அவர் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையே கற்றோர் பலர்க்கும் நினைவுக்கு வருகின்றது. உலகெங்கும் பயிலப்பெறும் அம்முறையின் பெருமையை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆயினும் அது நூலகர்க்கும் ஆய்வாளர்க்கும் உரிய கருவியாகும். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட உழவரும், பள்ளி வாசலையே மிதியாத தாய்மாரும் வாழ்நாள் முழுவதும் கற்றுக்கொண்டே இருத்தல் வேண்டும் என்பதற்காக அவர் ஊர் ஊராக ஆள் தேடிய வரலாறு, பகுப்பு முறையின் புகழுக்குள் மறைந்துபோயிற்று. ஈண்டு நாம் சொல்ல விழைவது அதனையே.

அரங்கநாதனார் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அன்றைய தஞ்சை மாவட்டத்தில் பிறந்தார். தந்தையார் இராமாமிருதம் சிறு நிலக்கிழார். மாலை வேளைகளில் அக்கம்பக்கத்தாரைக் கூட்டி இராமாயணம் படித்துப் பொருள் சொல்லும் வழக்கமுடையவர். மகனுக்கு ஆறு வயதாகும்போது அவர் மறைந்தார். ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் அத்திண்ணைக் காட்சியைப் பிற்காலத்தில் அரங்கநாதனார் வகுத்த திட்டங்களோடு பொருத்திப் பார்க்க நமக்குத் தோன்றுகின்றது. சீர்காழியில் பள்ளிக் கல்வி முடித்துச் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கணிதம் பயின்று 1916இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அங்குப் பேராசிரியர் எட்வர்டு இராசு அவர்க்கு ஆசானாகவும் நண்பராகவும் வாய்த்தார். திக்குவாய் இருந்தும் ஆசிரியப் பணியையே விரும்பி ஏற்று, மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார்.

1924ஆம் ஆண்டு சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்த்தப்பெற்றார். வந்த சில நாள்களிலேயே அவர்க்கு அப்பணி கசந்தது. மாணாக்கர் முகத்தையே கண்டு பழகியவர்க்கு, வாசகர் வாராத அறையில் தனித்திருத்தல் சிறையாகவே தோன்றிற்று. வகுப்பறைக்கே திரும்ப விழைந்தார். இங்கிலாந்து சென்று நூலகப் பணியைக் கண்டு வந்த பின்னரும் மனம் ஒட்டாவிடின் திரும்பலாம் என்ற உடன்பாட்டின்பேரில் கப்பலேறினார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சேயர்சு என்பாரிடம் பயின்றார். சேயர்சு குராய்டன் நகரப் பொது நூலகத்தின் தலைவராகவும் விளங்கியவர். அந்நாட்டுப் பொது நூலகங்களில் தொழிலாளரும் இல்லத்தரசியரும் சிறுவரும் தமக்கு வேண்டிய நூலைத் தாமே எடுத்துச் செல்வதை அரங்கநாதனார் கண்டார். படித்த நாட்டிற்கும் படியாத நாட்டிற்கும் உள்ள வேறுபாடு பள்ளிகளின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை, பள்ளிக்குப் பின் என்ன என்னும் கேள்விக்கு ஊர் தரும் விடையில் உள்ளது என்பதை உணர்ந்து 1925இல் தாயகம் திரும்பினார். வகுப்பறைக்குத் திரும்பும் எண்ணம் அதன்பின் அவர்க்கு எழவில்லை.

பல்கலைக்கழக நூலகத்தில் வாசகர் தாமே அலமாரியிடம் செல்லும் திறந்த முறையைப் புகுத்தியதோடு அவர் நின்றிருந்தாலே பெரும்புகழ் பெற்றிருப்பார். நகரத்துக் கற்றோர் சிலர்க்கு மட்டும் கதவு திறந்தால் போதாது என அவர் கருதினார். அதற்கு ஒரு நூலகர் போதார். ஊரார் துணை வேண்டும். 1927 டிசம்பரில் காங்கிரசு மாநாடு சென்னையில் கூடியபோது அகில இந்தியப் பொது நூலக மாநாடும் நடைபெற்றது. அவ்வெழுச்சியின் பயனாக 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. அரங்கநாதனார் அதன் செயலாளராகப் பொறுப்பேற்றார். நூலகர்க்கும் ஆசிரியர்க்கும் பயிற்சி தரும் கோடைப் பள்ளியைச் சங்கம் 1929இல் தொடங்கியது. 1931இல் அதனைப் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்டது. சங்கம் வித்திட, பல்கலைக்கழகம் வளர்த்தது.

அந்த 1928ஆம் ஆண்டிலேயே அவர்தம் துணைவியார் உருக்மணி விபத்தொன்றில் மறைந்தார். அத்துயர் ஆறாத நிலையில், ஆண்டின் இறுதியில், சிதம்பரம் மீனாட்சி கல்லூரியில் கூடிய கல்வி மாநாட்டில் தம் ஐந்து விதிகளை அவர் விளக்கினார். நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுவதற்கே என்னும் முதல் விதிக்கு அடியெடுத்துக் கொடுத்தவர் பழைய ஆசான் இராசு ஆவார். ஒவ்வொரு வாசகர்க்கும் அவர்க்குரிய நூல் கிட்டுதல் வேண்டும் என்பது இரண்டாம் விதி. நூலுக்குரிய வாசகரைத் தேடுதலும், வாசகரின் காலத்தைக் காத்தலும், நூலகம் வளரும் உயிரி என்பதும் ஏனையவை. 1931இல் நூலாக வெளிவந்த இவ்விளக்கத்தில் நம் நெஞ்சைத் தொடுவது இரண்டாம் விதியே. நோயாளி, பார்வையற்றோர், சிறையிலிருப்போர், கடலோடி என யாரையும் அவர் விலக்கவில்லை. அக்காலத்தே இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேரும் இலர். எழுத்தறியாதார்க்கு நூலகம் எதற்கு என்று கேட்டவர்க்கு, படிக்கத் தெரிந்தவர் படிக்க ஏனையோர் கேட்கட்டும் என்பதே அவர் தந்த வழி.

அவ்வழியில் நடந்து காட்டியது மன்னார்குடி வட்டாரம். 1931இல் பொறியாளர் கனகசபைப் பிள்ளை அவர்கள், நூல்கள் அடுக்கிய மாட்டு வண்டியொன்றை மன்னார்குடியைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்கு ஓட்டினார். களத்துமேட்டில் நெல் ஏற்றும் வண்டியையே கண்டு பழகிய உழவர், நூல் ஏற்றிய வண்டி தம் தெருவில் நிற்கக் கண்டனர். கருத்து அரங்கநாதனாருடையது, வண்டியும் உழைப்பும் ஊராருடையவை. அரசாணை எதற்கும் காத்திராமல் நடந்த இச்செயலை, நம் நாட்டு மக்கட் கல்வி வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத் தக்கதென நாம் கருதுகின்றோம்.

ஆயினும் ஒருவரின் வள்ளன்மை அவரோடு முடிந்துவிடக் கூடும் என்பதையும் கணித அறிஞர் கணக்கிட்டிருந்தார். நூலகத்திற்கு நிலையான வருவாய் வேண்டும். அதனை வற்றாது தருவது சட்டமே. 1930இல் காசியில் கூடிய அனைத்து ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரி நூலகச் சட்டம் ஒன்றை முன்வைத்தார். அதனை 1933இல் சென்னைச் சட்டமன்றத்திற்கு மசோதாவாகக் கொண்டுவந்தவர் ஜனாப் பஷீர் அகமது சயீத் அவர்கள். பின்னாளில் உயர்நீதிமன்ற நீதியரசராக விளங்கியவரும், 1955இல் சென்னையில் எஸ்.ஐ.இ.டி. மகளிர் கல்லூரி மலரக் காரணரானவரும் இவரே. சீர்காழி அந்தணர் வரைந்த சட்டத்தை இசுலாமியப் பெருமகனார் ஒருவர் மன்றத்தில் ஏந்தி நின்ற செய்தியை நம் மாணாக்கருள் எத்துணைப் பேர் அறிவர்? அம்மசோதா சட்டமாகவில்லை. அரங்கநாதனார் மேலும் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

இடையே 1936இல் பல்கலைக்கழக நூலகம் சேப்பாக்கத்தில் தனக்கெனக் கட்டிய மனைக்குக் குடியேறியது. 1945இல் சென்னையை விட்டுக் காசிக்கும், 1947இல் தில்லிக்கும் அவர் சென்றார். அவர் ஊரில் இல்லாத காலத்திலேயே அவர் கனவு நனவாயிற்று. கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் முயற்சியால் 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறி, 1950இல் நடைமுறைக்கு வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் அதுவே. வீட்டு வரியோடு சிறு நூலக வரியும் சேர்ந்தது. உள்ளாட்சி மன்றங்கள் திரட்டித் தர, மாவட்ட நூலக ஆணைக்குழு செலவிட வேண்டும் என்பது ஏற்பாடு. குழுவில் உள்ளாட்சியின் உறுப்பினரும் அரசு அமர்த்தியோரும் இடம்பெற்றனர். கிளை நூலகங்களும், பின்னர் ஊர்ப்புற நூலகங்களும், பகுதி நேர நூலகங்களும் இவ்வரியால் எழுந்தன. பல ஊர்களில் இடம் தந்தோர் ஊராரே. புரவலர், வாசகர் வட்டம் என்னும் அமைப்புகள் இன்றும் அத்தொடர்பைக் காத்து வருகின்றன.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லுதல் வேண்டும். வரி வந்தபின் நூலகம் அரசின் வேலை என்னும் எண்ணமும் உடன் வந்தது. மக்களிடம் பெற்ற நூலக வரியை உள்ளாட்சி மன்றங்கள் உரிய காலத்தில் ஆணைக்குழுவிடம் சேர்க்காத குறை நெடுநாளாகப் பேசப்படுகின்றது. மன்னார்குடி வண்டியின் பின்னால் இருந்தது வரி அன்று, ஊராரின் ஈடுபாடு. சட்டம் அதனை ஈடு செய்யும் என அரங்கநாதனார் எண்ணியிருப்பார் என்று நாம் கருதவில்லை. அவர் சட்டத்தையும் சங்கத்தையும் ஒருசேர வளர்த்தவர்.

தம் சேமிப்பாகிய ஓர் இலட்ச ரூபாயை, இரண்டாம் துணைவியார் சாரதா பெயரால் நூலகவியல் பேராசிரியர் பதவி அமைக்க 1957இல் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு அளித்தார். அவ்வாண்டே பத்மசிறீ விருதும், 1965இல் தேசிய ஆய்வுப் பேராசிரியர் பதவியும் அவரை நாடி வந்தன. பெங்களூரில் 1962இல் ஆவண ஆய்வு பயிற்சி மையத்தை நிறுவி, இளைஞரோடு இறுதிவரை கற்றுக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டில் பொது நூலகத் துறை 1972 ஏப்ரலில் தனித் துறையாயிற்று. அவ்வாண்டு செப்டம்பர் 27ஆம் நாள் அரங்கநாதனார் பெங்களூரில் காலமானார்.