அடிபம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்த டாக்டர்... 170 வருஷம் கழித்தும் டேட்டா மாணவர்கள் தேடுவது ஏன்? யார் இந்த ஜான் ஸ்னோ?

டேட்டா அனலிட்டிக்ஸ் படிக்கும் மாணவர் ஒருவர் கம்ப்யூட்டரில் நான்கைந்து வரி டைப் செய்கிறார். திரையில் 1854-ம் ஆண்டு லண்டன் தெருக்கள் விரிகின்றன. ஆங்காங்கே கறுப்புப் புள்ளிகள், மொத்தம் 578. ஒவ்வொரு புள்ளியும் காலராவில் போன ஓர் உயிர். புள்ளிகள் அதிகமாக நெருங்கிக் கிடக்கும் இடத்தில் ஓர் அடிபம்பு.

இந்த வரைபடத்தின் சொந்தக்காரர் டாக்டர் ஜான் ஸ்னோ. பெயரைக் கேட்டதும் பலருக்கு வெப் சீரிஸ் ஹீரோ ஞாபகம் வரலாம். இவர் அவர் இல்லை. காலரா தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்று சொல்லி, உயிரோடு இருந்தவரை பெரும்பாலானோரை நம்பவைக்க முடியாமலேயே போய்ச் சேர்ந்த மனிதர்.

கம்ப்யூட்டருக்குள் எப்படி வந்தார்?

ஆர் என்பது புள்ளியியலுக்கென்றே உருவான கம்ப்யூட்டர் மொழி. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரு பேராசிரியர்கள் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. இன்ஸ்டால் செய்ததும் அடிப்படைக் கருவிகள் கிடைத்துவிடும். அதற்கு மேல் தேவைப்படுவதை பேக்கேஜ்களாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். போனில் ஆப் இறக்கிக்கொள்வது மாதிரிதான். க்ரான் என்ற இணையக் களஞ்சியத்தில் இப்படி 20,000-க்கும் அதிகமான பேக்கேஜ்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

அதில் ஹிஸ்ட்டேட்டா என்ற பேக்கேஜ், வரலாற்றுப் புகழ்பெற்ற புள்ளிவிவரங்களின் தொகுப்பு. ஸ்னோவின் மரணப் புள்ளிகள், 13 பம்புகள், தெருக்கள், நாள்வாரிக் கணக்கு எல்லாம் அதில் இருக்கின்றன. காலரா என்ற பெயரிலேயே இன்னொரு பேக்கேஜும் உண்டு. அது முழுக்க முழுக்க இந்த ஒரு வரைபடத்துக்காகவே எழுதப்பட்டது.

சரி, இத்தனை பேர் திரும்பத் திரும்பப் பார்க்கும் அளவுக்கு அதில் அப்படி என்ன இருக்கிறது?

கூலித் தொழிலாளியின் மகன்

1813 மார்ச் 15. இங்கிலாந்தின் யார்க் நகரில், 9 பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார் ஸ்னோ. அப்பா நிலக்கரிக் கிடங்கில் வேலை பார்த்த தொழிலாளி. 14 வயதில் நியூகாசலில் ஒரு டாக்டரிடம் தொழில் கற்கச் சேர்ந்தார் மகன்.

1831-32-ல் அந்தப் பகுதியைக் காலரா தாக்கியது. கில்லிங்வொர்த் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்குச் சிகிச்சை பார்க்கும் வேலை, பதின்ம வயதைத் தாண்டாத ஸ்னோவின் தலையில் விழுந்தது. சுரங்கத்துக்குள் கழிப்பறை கிடையாது, கை கழுவத் தண்ணீர் கிடையாது. அதே கையோடுதான் சாப்பாடு. இந்தக் காட்சியை அவர் கடைசிவரை மறக்கவில்லை. பின்னாளில் எழுதிய புத்தகத்திலும் இதையே ஆதாரமாகச் சேர்த்தார்.

1836-ல் லண்டனுக்குப் போனார். வேல்ஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு நடந்தே போனார். படித்துத் தேறி, சோஹோ பகுதியில் டாக்டராக உட்கார்ந்தார்.

ராணிக்கு மயக்க மருந்து கொடுத்தவர்

உண்மையில் ஸ்னோவுக்குப் பெயர் வாங்கித் தந்தது காலரா இல்லை, மயக்க மருந்துதான். அறுவை சிகிச்சையில் ஈதர் பயன்பாட்டுக்கு வந்த புதிதில், எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று பலருக்குத் தெரியவில்லை. ஸ்னோ அதை அளந்தார். வெப்பநிலை மாறினால் காற்றில் கலக்கும் ஈதரின் அளவு எப்படி மாறும் என்று கணக்கிட்டு, அதற்கேற்ற கருவியையும் வடிவமைத்தார். 1853-லும் 1857-லும் விக்டோரியா ராணியின் பிரசவத்துக்கு குளோரோஃபார்ம் கொடுத்தது இவர்தான்.

வாயுக்களோடு பழகிய இந்த அனுபவம்தான் அவருக்கு ஒரு சந்தேகத்தைக் கொடுத்தது. அழுகல் நாற்றத்திலிருந்து எழும் கெட்ட காற்றுதான் காலராவுக்குக் காரணம் என்று அன்றைய டாக்டர்களும் அரசாங்கமும் நம்பினார்கள். காற்று வழியாக வந்தால் முதலில் நுரையீரல்தானே பாதிக்க வேண்டும்? காலராவில் முதலில் கெடுவது வயிறு. வாந்தியும் பேதியும்தான் ஆளைக் கொல்கின்றன. அப்படியென்றால் நோய் வாய் வழியாகத்தான் உள்ளே போகிறது என்றார் ஸ்னோ. 1849-ல் இதைச் சிறு நூலாக எழுதி வெளியிட்டார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

பிராட் ஸ்ட்ரீட்டில் நடந்தது என்ன?

1854 ஆகஸ்ட் 31 இரவு. சோஹோவின் பிராட் ஸ்ட்ரீட்டைச் சுற்றிக் காலரா வெடித்தது. செப்டம்பர் 1-ம் தேதி மட்டும் 143 பேருக்கு நோய். அடுத்த நாள் 127 பேர் சாவு. பிழைத்தவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைக் காலி செய்தார்கள்.

ஸ்னோ பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், அந்த வாரத்தின் கடைசி 3 நாட்களில் பதிவான 83 மரணங்களின் பட்டியலை வாங்கினார். பட்டியலோடு தெருவில் இறங்கி விசாரித்தார். 73 மரணங்கள் பிராட் ஸ்ட்ரீட் பம்பைச் சுற்றியே நடந்திருந்தன. அவர்களில் 61 பேர் அந்தப் பம்புத் தண்ணீரைக் குடித்தவர்கள் என்று தெரிய வந்தது.

மீதி 10 பேரின் வீட்டுக்கு வேறு பம்புகள்தான் பக்கம். இங்கேதான் பலரும் விட்டுவிடுவார்கள், ஸ்னோ விடவில்லை. அங்கேயும் விசாரித்தார். 5 குடும்பங்கள் பிராட் ஸ்ட்ரீட் தண்ணீர்தான் பிடிக்கும் என்று ஆளனுப்பி எடுத்து வந்திருக்கின்றன. இன்னும் 3 பேர், அந்தப் பம்புக்குப் பக்கத்துப் பள்ளிக்குப் போன குழந்தைகள்.

சாகாதவர்கள் ஏன் சாகவில்லை?

அடுத்து அவர் கேட்டது இன்னும் முக்கியமான கேள்வி. பம்புக்குப் பக்கத்திலேயே இருந்தும் தப்பித்தவர்கள் எப்படித் தப்பித்தார்கள்?

அருகில் இருந்த ஏழைகள் விடுதியில் 535 பேர். நாற்றத்துக்கும் நெரிசலுக்கும் பஞ்சமில்லை. ஆனால் காலராவில் இறந்தது 5 பேர்தான். காரணம், விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. அதே தெருவில் இருந்த பீர் ஆலையின் 70-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை. அவர்களுக்கு பீர் இலவசம், பம்புப் பக்கமே போனதில்லை.

இதற்கு நேர்மாறாக இன்னொரு மரணம். ஹாம்ஸ்டெட் பகுதியில் வசித்த ஒரு விதவைப் பெண்மணி. அங்கே காலராவே இல்லை. ஆனாலும் இறந்தார். ஸ்னோ அவருடைய மகனிடம் விசாரித்தார். முன்பு பிராட் ஸ்ட்ரீட்டில் குடியிருந்த அந்தத் தாய்க்கு அந்தத் தண்ணீரின் ருசி பிடித்துப்போனதால், தினமும் வண்டியில் வரவழைத்துக் குடித்திருக்கிறார். அவரைப் பார்க்க வந்து அதே தண்ணீரைக் குடித்த உறவுக்காரப் பெண்ணும், தன் ஊருக்குத் திரும்பியதும் இறந்துபோனார்.

காற்றுதான் காரணம் என்று வாதாடுபவர்களிடம் இந்த மரணத்துக்கு பதில் இல்லை.

கைப்பிடி கழன்றது... காலரா நின்றதா?

செப்டம்பர் 7 மாலை, உள்ளூர் நிர்வாகக் குழுவின் முன் ஸ்னோ தன் ஆதாரங்களை வைத்தார். மறுநாள் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதோடு காலரா நின்றது என்றுதான் பல இடங்களில் படித்திருப்போம்.

ஆனால் ஹிஸ்ட்டேட்டா பேக்கேஜில் உள்ள நாள்வாரிக் கணக்கை வரைந்து பார்த்தால் கதை வேறு. 1-ம் தேதி 143-ஆக இருந்த புதிய நோயாளிகள் 7-ம் தேதி 28, கைப்பிடி கழன்ற 8-ம் தேதி 12. அதாவது, நோய் ஏற்கெனவே இறங்குமுகத்தில் இருந்தது. மக்கள் ஊரைவிட்டு ஓடியதும் அதற்கு ஒரு காரணம். இதை மறைக்காமல் எழுதிவைத்தவரும் ஸ்னோதான்.

அப்படியானால் கழற்றியது வீணா? இல்லை. ஸ்னோவின் கருத்தை முதலில் ஏற்காத உள்ளூர் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட், அதைத் தவறென்று நிரூபிக்க இறங்கி, கடைசியில் நோயின் தொடக்கத்தையே கண்டுபிடித்தார். பம்பை ஒட்டிய 40-ம் எண் வீட்டில் ஒரு கைக்குழந்தைக்கு பேதி. தாய் துணி அலசிய தண்ணீரைக் கொட்டிய கழிவுக்குழி, கிணற்றிலிருந்து சுமார் 3 அடி தூரத்தில். குழி கசிந்து கிணற்றில் கலந்திருக்கிறது. அந்தக் குழந்தையின் அப்பாவுக்கும் பின்னர் காலரா வந்தது. அவர் படுத்த நாள் செப்டம்பர் 8. கைப்பிடி கழன்ற அதே நாள்! பம்பு ஓடிக்கொண்டிருந்தால் இரண்டாவது அலை கிளம்பியிருக்கலாம்.

சோஹோவில் மட்டும் மொத்தம் 616 பேர் இறந்தார்கள்.

இன்னொரு பெரிய ஆதாரம்

அதே ஆண்டு தெற்கு லண்டனிலும் ஸ்னோ ஓர் ஆய்வு செய்தார். அங்கே ஒரே தெருவில் இரண்டு கம்பெனிகள் தண்ணீர் விநியோகித்தன. சவுத்வார்க் அண்ட் வாக்ஸால் கம்பெனி, நகரத்துச் சாக்கடை கலக்கும் இடத்தில் தேம்ஸ் நதியிலிருந்து எடுத்தது. லாம்பெத் கம்பெனி, 1852-லேயே நதியின் மேல்பகுதிக்கு மாறிவிட்டது. அக்கம்பக்கத்து வீடுகள், ஒரே காற்று, தண்ணீர் மட்டும் வேறு.

எந்த வீட்டுக்கு எந்தத் தண்ணீர் என்று பலருக்கே தெரியாது. தண்ணீரில் உள்ள உப்பின் அளவைச் சோதித்துக் கண்டுபிடித்தார் ஸ்னோ. முதல் 7 வாரக் கணக்கில், சாக்கடைத் தண்ணீர் போன 40,046 வீடுகளில் 1,263 பேர் சாவு. மேல்பகுதித் தண்ணீர் போன 26,107 வீடுகளில் 98 பேர். 10,000 வீடுகளுக்கு 315-க்கு 37.

1855-ல் இதையெல்லாம் சேர்த்துப் புத்தகத்தை விரிவாக்கினார். சொந்தப் பணம் 200 பவுண்டுக்கு மேல் செலவு. வாங்க ஆள் இல்லை. அரசின் சுகாதார வாரியமும் கெட்ட காற்றுக் கொள்கையையே பிடித்துக்கொண்டது.

1858 ஜூன் 16-ல் பக்கவாதத்தால் இறந்தார் ஸ்னோ. வயது 45. திருமணம் செய்துகொள்ளவில்லை. 1866-ல் லண்டனில் மறுபடி காலரா வந்தபோதுதான் அரசின் புள்ளியியல் நிபுணர் வில்லியம் ஃபார் தண்ணீரைக் கைகாட்டினார். 1884-ல் கல்கத்தாவில் ஆய்வு செய்த ராபர்ட் கோக், காலரா கிருமியை உலகுக்கு உறுதிப்படுத்தினார்.

பேக்கேஜ் என்ன செய்யும், என்ன செய்யாது?

ஸ்னோ தன் வரைபடத்தின் திருத்திய வடிவத்தில் ஒரு கோடு சேர்த்தார். பிராட் ஸ்ட்ரீட் பம்புக்கும் மற்ற பம்புகளுக்கும் நடந்துபோகும் தூரம் சமமாக இருக்கும் இடங்களை இணைக்கும் கோடு. காலரா பேக்கேஜ் இன்று செய்வதும் அதையேதான். நேர்கோட்டுத் தூரம் வேறு, தெருவழியாக நடக்கும் தூரம் வேறு என்று பிரித்து, எந்த வீட்டுக்கு எந்தப் பம்பு பக்கம் என்று நொடியில் வரைந்து காட்டிவிடும். பழைய வரைபடத்தை டிஜிட்டலாக நகலெடுத்தபோது நேர்ந்த சில பிழைகளையும் அது திருத்தியிருக்கிறது.

ஆனால், ஹாம்ஸ்டெட் பெண்மணி அந்த வரைபடத்தில் இல்லை. பீர் ஆலைத் தொழிலாளர்களும் இல்லை, சாகாதவர்களுக்கு ஏது புள்ளி? வரைபடமே நோய் ஓய்ந்த பிறகுதான், 1854 டிசம்பரில் மருத்துவர்கள் கூட்டத்தில் காட்டப்பட்டது. ஸ்னோ புள்ளிகளைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கவில்லை. கதவைத் தட்டிக் கண்டுபிடித்ததை, மற்றவர்களுக்குப் புரியவைக்கப் புள்ளியாக வைத்தார்.

பிராட் ஸ்ட்ரீட் இன்று பிராட்விக் ஸ்ட்ரீட் ஆகிவிட்டது. அங்கே பழைய பம்பின் மாதிரி ஒன்றை நினைவுச்சின்னமாக நிறுத்தியிருக்கிறார்கள். அதற்குக் கைப்பிடி கிடையாது.