ஓநாய் கற்றுத் தந்த பாடம்

குட்டீஸ், காட்டில் ஓநாயே இல்லாவிட்டால் மான்கள் சந்தோஷமாக வாழும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். அவர்களில் ஒருவர் ஆல்டோ லியோபோல்டு.

1887-ல் அயோவா மாநிலத்தில் பிறந்த இவர், சிறு வயதிலேயே அப்பாவுடன் வேட்டைக்குப் போவார். வனவியல் படித்து, 1909-ல் அரிசோனாவில் வனத்துறை வேலையில் சேர்ந்தார். அங்கே ஒருநாள், நண்பர்களுடன் சேர்ந்து ஒரு தாய் ஓநாயைச் சுட்டார். அருகே ஓடிப் போனபோது, அதன் கண்ணில் ஒளி மங்குவதைப் பார்த்தார். அந்தக் காட்சியை அவரால் மறக்கவே முடியவில்லை. ஆனாலும், ஓநாய் ஒழிந்தால் மான் பெருகும் என்றே பல வருடங்கள் சொல்லி வந்தார்.

ஓநாய்கள் குறைந்தன, பல இடங்களில் மான்கள் பெருகின. அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? செடி, கொழுந்து, மரக்கன்று எல்லாவற்றையும் மான்கள் மேய்ந்து தீர்த்தன. மலைகள் மொட்டையாயின. கடைசியில் தின்ன எதுவும் இல்லாமல் மான்களே பட்டினியால் செத்தன!

தன் எண்ணம் தவறு என்று லியோபோல்டுக்குப் புரிந்தது. 1933-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அந்த மாநிலத்தில் பெருகிவிட்ட மான்களைக் குறைக்க வேண்டும் என்று அவர் சொன்னபோது, வேட்டைக்காரர்கள் பலர் கோபப்பட்டனர். அவர் பின்வாங்கவில்லை. தான் செய்த தவறையும் மறைக்காமல் எழுதி வைத்தார்.

1948-ல் பக்கத்துப் பண்ணையில் பிடித்த தீயை அணைக்கப் போனபோது, மாரடைப்பால் இறந்தார். 1998-ல், அவர் முதலில் வேலை பார்த்த அரிசோனா காட்டில் ஓநாய்களை மறுபடி கொண்டுவந்து விட்டார்கள்.

தவறை ஒப்புக்கொள்ளவும் தைரியம் வேண்டும், இல்லையா குட்டீஸ்?