குறத்தி சொன்ன பூகோளம்

தஞ்சைச் சீமையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சமநிலம்தான். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வயல். வயல் முடிகிற இடத்தில் வானம். இங்கே நின்றுகொண்டு, பூமி பந்து போல உருண்டை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

சொல்லிப் பார்த்தார் ஒரு மன்னர். அவர்தான் இரண்டாம் சரபோஜி.

சரபோஜி பிறந்தது 1777-ம் ஆண்டு. 1787-ல் தஞ்சை மன்னர் துளஜாஜி அவரைச் சுவீகாரம் எடுத்தார். அதே ஆண்டில் துளஜாஜி இறந்துபோனார். அரசு அமர்சிங் கைக்குப் போயிற்று. பத்து வயதுப் பாலகன் அரண்மனைக்குள்ளேயே கைதி போல ஆனான்.

அப்போது கை கொடுத்தவர் ஸ்வார்ட்ஸ் பாதிரியார். ஜெர்மனியில் பிறந்து தஞ்சையில் வாழ்ந்தவர். கும்பினியாரிடம் அவர் வாதாடியதால் சரபோஜி சென்னைக்கு அனுப்பப்பட்டார். அங்கே மேல்நாட்டுக் கல்வி கற்றார்.

1798-ல் சரபோஜி அரியணை ஏறினார். அதைக் காணப் பாதிரியார் இல்லை. சில மாதங்களுக்கு முன்புதான் அவர் கண்ணை மூடினார். சாகும் குருவின் கையை மன்னர் பற்றி நிற்கும் சலவைக்கல் சிற்பம், தஞ்சைக் கோட்டை மாதா கோவிலில் இருக்கிறது. மன்னரோ கடைசி வரை சிவபக்தர்!

நாடு இல்லாத ராஜா

மறு ஆண்டே, 1799-ல், கும்பினியுடன் ஓர் உடன்படிக்கை. ராஜ்யம் போயிற்று. கோட்டையும் அதைச் சுற்றிய பகுதியும்தான் மிச்சம்.

வேறொருவர் என்றால் வேட்டையிலும் விருந்திலும் காலம் கழித்திருப்பார். சரபோஜி புத்தகம் வாங்கினார். சரஸ்வதி மகால் நூலகத்தைப் பெருக்கினார். அச்சுக்கூடம் வைத்தார். கண் நோய்க்கு வைத்தியம் செய்வித்து, நோயாளிகளின் விவரத்தை எழுதி வைத்தார். தொலைநோக்கி, மின்சாரம் உண்டாக்கும் கருவி எல்லாம் அரண்மனைக்கு வந்தன.

பூமியைப் பற்றி அந்நாளில் இரண்டு பேச்சு இருந்தது. நடுவில் மேருமலை, சுற்றிலும் ஏழு கடல், தட்டையான பூமி என்றது புராணம். பூமி உருண்டை என்று 5-ம் நூற்றாண்டு முடிவிலேயே கணக்கு எழுதியவர் ஆரியபட்டர். கதை கேட்கப் புராணம், கிரகணம் குறிக்க ஆரியபட்டர் வழிக் கணிதம் என்று ஜனங்கள் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். பூகோளம் என்ற சொல்லிலேயே கோளம் இருக்கிறது. யார் அதைக் கவனித்தார்கள்?

மன்னர் சண்டைக்குப் போகவில்லை. நாடகம் எழுதினார்! மராத்தியில் அமைந்த அந்த நாடகம் தேவேந்திரக் குறவஞ்சி. குறவஞ்சியில் குறத்தி வந்து நாயகியின் கை பார்த்துக் குறி சொல்வது வழக்கம். இந்தக் குறத்தியோ இந்திராணிக்கு உலகப் பூகோளத்தையே பாட்டாகச் சொல்கிறாள். கண்டங்களும் தேசங்களும் அவள் வாயில் வருகின்றன. எனக்குத் தெரிந்து இப்படி ஒரு பூகோள வாத்தியார் வேறு எங்கும் இல்லை.

கோபுரத்தில் ஏறிய கருவி

பூமியின் உருவத்தை அளக்கப் புறப்பட்ட லாம்டன் துரை 1808-ல் தஞ்சைக்கு வந்தார். தூரத்தில் உள்ள குறிகளைப் பார்க்க உயரமான இடம் வேண்டும். இங்கே மலை ஏது? கோவில்களின் உச்சியில் கருவியை ஏற்றினார்.

பெரிய கோவில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்தது. அரை டன் எடையுள்ள கருவி சுவரில் மோதி நசுங்கியது. துரை மனம் தளரவில்லை. ஆறு வாரம் உட்கார்ந்து தாமே அதைச் சீர்செய்தார். பூமி சரியான பந்து அல்ல, துருவங்களில் கொஞ்சம் அமுங்கியது என்ற முடிவுக்கு அவருடைய அளவைகள் வலுச் சேர்த்தன.

இன்று கருவியும் வேண்டாம், கயிறும் வேண்டாம். 1998 முதல் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றி வருகிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம். சில நாட்களில் பொழுது சாய்ந்ததும், மேற்கே எழுந்து கிழக்கு நோக்கி ஓடும் நட்சத்திரம் போல அது தெரியும். நம் வயலில் இருட்டு. அவ்வளவு உயரத்தில் வெயில்! திடீரென்று நடுவானில் மறைந்துவிடும். பூமியின் நிழலுக்குள் போய்விட்டது என்று பொருள்.

சரபோஜி மன்னர் 1832 மார்ச் 7-ந் தேதி காலமானார். அவருடைய மகன் சிவாஜியும் 1855-ல் இறந்தபின், மிச்சமிருந்த அரசும் கும்பினிக்குப் போயிற்று. சுவடிகள் தப்பின. குறத்தியின் நாடகமும் அவற்றில் இருந்தது. பிற்காலத்தில் சரஸ்வதி மகால் நூலகத்தார் அதை அச்சிட்டார்கள்.