அக்காவுக்காக ஓர் ஆயுள்: யார் இந்த சார்லஸ் லாம்ப்?

‘டேல்ஸ் ஃப்ரம் ஷேக்ஸ்பியர்’ ஞாபகம் இருக்கா? 1807-ல் வந்த அந்தப் புத்தகத்தின் பெரும்பகுதியை எழுதியது அக்கா மேரி. அட்டையில் தம்பி சார்லஸ் லாம்ப் பெயர் மட்டும்!

1796-ல் மனநோயின் உச்சத்தில் மேரி அம்மாவையே கத்தியால் குத்திக் கொன்றார். லாம்ப்புக்கு அப்போ 21 வயசு. அக்காவைக் காலமெல்லாம் காப்பகத்திலேயே விட்டுவிடாமல், பொறுப்பைத் தானே ஏற்றார். கல்யாணம் பண்ணிக்கலை.

லண்டன் கிழக்கிந்தியக் கம்பெனியில் 33 வருஷம் கிளார்க் வேலை. நோய் திரும்பும்போதெல்லாம் மேரியைக் காப்பகத்துக்குக் கூட்டிப் போகணும். மனசு ஆற நீண்ட நடை, வாராவாரம் வீட்டில் நண்பர்களோடு சீட்டாட்டம். கூடவே குடி, அதைத்தான் அவரால் கடைசிவரை விட முடியலை.

1834 டிசம்பரில் நடந்து போகும்போது கீழே விழுந்தார். முகத்தில் பட்ட காயம் தொற்றாகி, சில நாளில் மரணம். வயது 59. பத்து வயது மூத்த மேரி, 1847 வரை வாழ்ந்தார்.